கட்சீனா, கேம்ப்ளேயா? கதை சொல்லும் வீடியோ கேம்களில் தீராத வழக்கு

கதையை முன்னிறுத்தும் பெரிய வீடியோ கேம் ஒன்று வெளியாகும்போதெல்லாம் அதே வழக்கு மீண்டும் எழுகிறது. "இது கேமே அல்ல, நடுநடுவே பட்டனை அழுத்தச் சொல்லும் சினிமா" என்கிறது ஒரு தரப்பு. "கதைமாந்தரின் முகத்தைப் பார்க்காமல், பேச்சைக் கேட்காமல் கதை எப்படி மனதில் பதியும்?" என்று கேட்கிறது மறுதரப்பு.

இரு தரப்பும் பெரும்பாலும் நேரக் கணக்கில்தான் மோதிக்கொள்கின்றன: எத்தனை மணி நேரம் ஆடினோம், எத்தனை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கணக்கை எவ்வளவு நுணுக்கமாகப் போட்டாலும் வழக்கு தீராது. கதை திசைமாறும் கணத்தில் அந்தச் செயலைச் செய்வது யார் கை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அது ஏன் என்று புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். வழியில் சில கேம்களின் முடிவுகளும் பேசப்படுகின்றன. அவற்றை இனிமேல்தான் ஆடப்போகிறவர்கள் கவனத்தில் கொள்ளவும்.

## முதலில் சொற்கள்

1. கேம்ப்ளே: ஆடுபவர் முடிவெடுத்துச் செய்யும் அனைத்தும். நடப்பது, ஒளிவது, சுடுவது, புதிர் அவிழ்ப்பது, எந்த வழியாகப் போவது என்று யோசிப்பதுகூட இதில் அடங்கும். விதிகள் இருக்கும், அவற்றுக்குள் ஆடுபவருக்கு இடமும் இருக்கும்.

2. கட்சீன்: கட்டுப்பாடு ஆடுபவரிடமிருந்து வாங்கப்பட்டு, முன்பே இயக்கி வைக்கப்பட்ட காட்சி ஓடும் பகுதி. கேமரா எங்கே நிற்கும், யார் எப்போது பேசுவார், காட்சி எந்த நொடியில் வெட்டப்படும் என்பதெல்லாம் இயக்குநர் கையில்.

3. ஸ்கிரிப்டட் காட்சி: கட்டுப்பாடு ஆடுபவரிடமே இருக்கும். ஆனால் அவர் குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும், திட்டமிட்டபடி பாலம் இடிந்து விழும் அல்லது ஒருவர் ஓடிவந்து பேசுவார்.

4. குயிக் டைம் ஈவென்ட்: கட்சீன் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு பட்டனின் படம் தோன்றும். உடனே அழுத்தினால் நாயகன் தப்பிப்பான். தவறினால் அடிபடுவான் அல்லது சாவான். 1999இல் வந்த ஷென்மூ கேமை உருவாக்கிய யூ சுசுகி இந்தப் பெயரைப் பரவலாக்கினார்.

## வழக்கு பிறந்த இடம்

1980இல் வந்த பேக்-மேன் கேமில் சில கட்டங்களை முடித்ததும் சிறிய வேடிக்கைக் காட்சி ஒன்று வரும். துரத்திய பூதம் இப்போது துரத்தப்படும். ஆடியவருக்கு அது ஒரு சின்னப் பரிசு, கொஞ்சம் இளைப்பாறல். யாரும் குறைசொல்லவில்லை.

மூன்றே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1983இல் டிராகன்ஸ் லேர் வந்தது. டான் புளூத் குழுவினர் கையால் வரைந்த முழு அனிமேஷன், லேசர் டிஸ்க்கிலிருந்து ஓடியது. மற்ற இயந்திரங்களில் சதுரப் புள்ளிகளால் ஆன உருவங்கள் நகர்ந்துகொண்டிருந்த காலத்தில் இதன் அழகு எவரையும் நிறுத்தி வைத்தது. ஆனால் ஆடுபவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. சரியான நொடியில் ஜாய்ஸ்டிக்கைச் சரியான பக்கம் தள்ள வேண்டும், அல்லது வாள் பட்டனை அழுத்த வேண்டும். தவறினால் வீரன் மடியும் காட்சி ஓடும். வரிசையை மனப்பாடம் செய்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இன்று வைக்கப்படும் குற்றச்சாட்டு முழுவதும் அங்கேயே கருவாக இருக்கிறது: பார்க்க அபாரம், ஆட ஒன்றுமில்லை.

பிறகு சிடி வந்தது. அதுவரை கேம்களைத் தாங்கி வந்த சிப் பெட்டியான கேட்ரிட்ஜில் அடங்காத அளவு குரலும் இசையும் வீடியோவும் அதில் அடங்கின. 1997இல் ஃபைனல் ஃபேன்டசி 7 பிளேஸ்டேஷனுக்கு மூன்று சிடிகளில் வந்தது. கேமுக்குள் சினிமா நுழையப் பெரிய கதவு திறந்துவிட்டது.

## 1998: ஒரே ஆண்டில் இரு பாதைகள்

ஹிடியோ கோஜிமாவின் மெட்டல் கியர் சாலிட் சினிமாவின் மொழியை அப்படியே ஏந்திக்கொண்டது. கேமரா கோணங்கள், நீண்ட உரையாடல்கள், திரையில் தோன்றி மறையும் பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. அதே தொடரின் நான்காம் பாகம் 2008இல் வந்தபோது இறுதிக் காட்சித் தொடர் மட்டுமே ஒரு மணி நேரத்தைத் தாண்டியது.

வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் எதிர்த் திசையில் நடந்தது. நாயகன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கேமரா அவன் கண்ணை விட்டு வெளியே வருவதில்லை. கதை முழுவதும், ஆடுபவர் நடந்துகொண்டிருக்கும்போதே அவரைச் சுற்றி நிகழ்கிறது. தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்துக்குள் போகும் டிராம் பயணத்தில்கூட நின்றும் நடந்தும் திரும்பிப் பார்க்கலாம்.

இந்தப் பாதையின் உச்சம் என்று நான் கருதுவது, 2004இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் வரும் சிறு சம்பவம். ரயில் நிலையத்தில் முகமூடி அணிந்த காவலன் ஒருவன் காலி டின் ஒன்றைத் தரையில் தட்டிவிட்டு, அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடும்படி அதட்டுகிறான். போட்டால் வழி விடுகிறான். அவன் மேலேயே எறிந்தால் தடியோடு துரத்துகிறான். அந்த நகரத்தில் ஆட்சி செய்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. அதோடு, பொருளைக் கையில் எடுப்பது, எறிவது என்ற இரண்டு கட்டுப்பாடுகளையும் ஆடுபவர் அங்கேயே கற்றுக்கொள்கிறார். அவமானத்தை அவர் பார்க்கவில்லை, அனுபவிக்கிறார்.

ஆனாலும் இந்தப் பாதை குறையற்றது என்று சொல்லிவிட முடியாது. அதே கேமில் ஆய்வுக்கூட அறைக்குள் விஞ்ஞானிகள் பேசி முடிக்கும்வரை ஆடுபவர் வெளியே போக முடியாது. அவர்கள் உலகத்தின் தலைவிதியைப் பேசிக்கொண்டிருக்க, இவர் மேசைமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கலாம். கட்டுப்பாடு கையில் இருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை. பூட்டிய அறைக்குள் நடக்கும் பேச்சு, கேமராவை மட்டும் நம்மிடம் கொடுத்துவிட்ட கட்சீன்தான்.

## கட்சீன் எதற்குத் தேவை?

கட்சீனை ஒட்டுமொத்தமாக வெறுப்பவர்கள் சில உண்மைகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1. முகம் பேசும் இடங்களில் கேமரா நெருங்கித்தான் ஆக வேண்டும். 2013இல் நாட்டி டாக் உருவாக்கிய தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் கடைசிக் காட்சியில், நாயகன் ஜோயல் சொல்லும் பொய்யைக் கேட்டுவிட்டு, அவன் பாதுகாத்து அழைத்துவந்த சிறுமி எல்லி "ஓகே" என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்கிறாள். அவள் நம்பினாளா இல்லையா என்பது முழுக்க முகத்தில் இருக்கிறது. நடிகரின் நடிப்பைப் பார்த்து அனிமேஷன் கலைஞர்கள் நுணுக்கமாக உருவாக்கிய முக அசைவுகள் இல்லாமல் அது சாத்தியமே இல்லை. அந்த நேரத்தில் ஆடுபவர் கையில் கேமரா இருந்தால் அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

2. நாயகன் இல்லாத இடத்தில் நடப்பதைக் காட்டவும், பல மாதங்களைச் சில நொடிகளில் கடக்கவும் வெட்டு தேவை.

3. கடும் சண்டைக்குப் பின் கைக்கும் மனதுக்கும் ஓய்வு வேண்டும்.

தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு. அடுத்த இடத்தின் தரவு நினைவகத்தில் ஏறும்வரை ஆடுபவரை எங்காவது நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. கட்சீன் அதற்குத் திரையாக உதவியது. பின்னாளில் நாயகர்கள் பாறை இடுக்குகளில் பக்கவாட்டாக நுழைந்து மெல்ல நகர்ந்ததற்கும் பல இடங்களில் இதுவே காரணம். 2020இல் வந்த கன்சோல்களில் வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் இருப்பதால் இந்தத் தேவை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

## எங்கே பிசகுகிறது?

வென்றவர் தோற்பது. கடினமான எதிரியைப் பல முறை முயன்று ஆடுபவர் வீழ்த்துகிறார். உடனே கட்சீன் தொடங்குகிறது. அதில் அதே எதிரி அசராமல் எழுந்து நாயகனை ஒரே அடியில் சாய்க்கிறான். கதைக்குத் தோல்வி தேவை என்றால், ஆட்டத்திலேயே வெல்ல முடியாதபடி வைத்திருக்கலாம். உழைப்பை வாங்கிக்கொண்டு பலனை மறுப்பது ஆடுபவரின் நேரத்தை அவமதிப்பது. இதை வடிவமைப்பில் நேர்ந்த சிறு சறுக்கல் என்று கடந்துபோக எனக்கு மனமில்லை.

விதிகள் செல்லாமல் போவது. ஃபைனல் ஃபேன்டசி 7இல் சண்டையின்போது வீழ்ந்தவரை எழுப்ப ஒரு பொருள் இருக்கிறது. ஆடுபவர் அதை எத்தனையோ முறை பயன்படுத்தியிருப்பார். கட்சீனில் ஏரித் கொல்லப்படும்போது அந்தப் பொருளை யாரும் நினைக்கக்கூட இல்லை. கட்சீனுக்குள் ஒரு விதி, வெளியே வேறு விதி. அப்படியிருந்தும் அந்த மரணம் லட்சக்கணக்கானோரை உலுக்கியது. காரணம் கட்சீனின் அழகு மட்டுமல்ல. அதுவரை அவளைக் குழுவில் சேர்த்து, ஆயுதம் வாங்கிக் கொடுத்து, திறன்களை வளர்த்திருந்தது ஆடுபவரின் கை. அதன் பிறகு சண்டைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் பெயர் அங்கே இருக்காது. இழப்பை நினைவூட்டுவது கேம்ப்ளேதான்.

ஒரே நாயகன், இரு மனிதர்கள். அன்சார்ட்டட் தொடரின் நாயகன் கட்சீன்களில் குறும்பும் கனிவும் கொண்டவன். ஆட்டத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்களைச் சுட்டுக் கொல்கிறான். அடுத்த கட்சீனில் அதன் சுவடே இல்லை. கதை சொல்வதும் ஆட்டம் செய்யவைப்பதும் ஒன்றுக்கொன்று முரண்படும் இந்த நிலையை, கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007இல் பயோஷாக் பற்றி எழுதிய விமர்சனத்தில் எடுத்துக் காட்டினார். அந்தக் கேமின் விதிகள் தன்னலத்தைத் தேர்ந்தெடுக்க இடம் தருகின்றன. கதையோ முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது என்பது அவருடைய வாதம்.

## பாதிக் கட்டுப்பாடு: உண்மையான நோய்

கட்சீனும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே ஏதாவது கொடுப்போம் என்று செய்யப்படும் சமரசம்தான் இரண்டையும்விட மோசமானது.

குயிக் டைம் ஈவென்ட் அதன் முதல் வடிவம். 2005இல் ரெசிடென்ட் ஈவில் 4 வந்தபோது அது புதுமையாக இருந்தது. கத்திச் சண்டைக் காட்சியில் திடீரென்று பட்டன் குறி தோன்ற, கன்ட்ரோலரைக் கீழே வைத்தவர்கள் பதறினார்கள். பின்னர் அது எங்கும் பரவியது. இதில் உள்ள கோளாறு எளிமையானது. ஆடுபவரின் கண், நாயகனின் முகத்தைப் பார்ப்பதில்லை; பட்டன் குறி எங்கே வரும் என்று தேடிக்கொண்டிருக்கிறது. அழகாக இயக்கப்பட்ட காட்சியும் வீண், ஆட்டமும் இல்லை.

இரண்டாவது வடிவம் கட்டாய நடை. நாயகன் ஓட முடியாது, குதிக்க முடியாது. ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளிக்கொண்டே உடன் வருபவரின் பேச்சைக் கேட்க வேண்டும். பேச்சு நன்றாக இருந்தால் இது பொறுத்துக்கொள்ளக்கூடியதே.

2015இல் வந்த தி ஆர்டர்: 1886 இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டாக வருகிறது. திரையின் மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் வைத்து, திரைப்படத்தின் அகலத்தை அது நிரந்தரமாக ஏற்றுக்கொண்டது. காட்சித் தரம் அன்றைக்கு வியப்பூட்டியது. ஆனால் கட்சீன், கட்டாய நடை, பட்டன் குறி என்று மாறி மாறிப் போனதில், துப்பாக்கி கையில் கிடைக்கும் பகுதிகளும் துண்டு துண்டாகச் சிதறிவிட்டன.

## கை செய்யும் கதை

இனி நல்ல உதாரணங்கள். இரண்டை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

மெட்டல் கியர் சாலிட் 3, 2004. நாயகன் தன் குருவான பெண்ணைக் கொல்ல அனுப்பப்பட்டிருக்கிறான். வெள்ளைப் பூக்கள் நிறைந்த வெளியில் இறுதிச் சண்டை. ஆடுபவர் வென்றதும் கட்சீன் தொடங்குகிறது. அவள் கீழே கிடக்கிறாள். அவன் துப்பாக்கியை நீட்டுகிறான். அங்கே காட்சி நிற்கிறது. திரையில் பட்டன் குறி எதுவும் இல்லை. சில நொடிகள் கழித்துத்தான் ஆடுபவருக்கு உறைக்கிறது: அடுத்த அசைவு தன்னுடையது. கேம் முழுவதும் சுடுவதற்கு அழுத்திய அதே பட்டனை இப்போதும் அவரே அழுத்த வேண்டும்.

அங்கே தேர்வு எதுவும் இல்லை. சுடாமல் விடும் வழி கொடுக்கப்படவில்லை. இருந்தும் அந்தக் கணம் ஏன் இவ்வளவு கனக்கிறது? இங்கேதான் விவாதத்தில் அடிக்கடி கலந்துவிடும் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கதை எங்கே போகும் என்று தீர்மானிக்கும் உரிமை தேர்வு. நடந்ததை என் கை செய்தது என்ற உணர்வு செயல். தேர்வே இல்லாமல் செயல் இருக்க முடியும். சினிமாவால் தர முடியாத ஒன்று அது.

இரண்டாவது, 2013இல் ஜோசஃப் ஃபேர்ஸ் இயக்கிய பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ். அண்ணன், தம்பி இருவரையும் ஒரே நேரத்தில் ஒருவரே நகர்த்த வேண்டும்: இடது கை அண்ணனுக்கு, வலது கை தம்பிக்கு. தாய் நீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்குத் தண்ணீரென்றால் பயம். ஆறு குறுக்கிட்டால் அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பான். கேமின் பிற்பகுதியில் அண்ணன் இறந்துவிடுகிறான். அதன்பின் இடது கைக்கு வேலையே இல்லை. விரல்கள் சும்மா கிடக்கின்றன. தனியே திரும்பும் தம்பியின் முன்னால் மீண்டும் தண்ணீர். அவனுடைய பட்டன் பலிக்கவில்லை. ஆடுபவர் தயங்கித் தயங்கி அண்ணனுக்குரிய பட்டனை அழுத்திப் பார்க்கிறார். தம்பி நீந்தத் தொடங்குகிறான்.

வசனம் இல்லை, குளோசப் இல்லை. கேமில் பேசப்படுவதே யாருக்கும் புரியாத கற்பனை மொழி. அதுவரை ஆடுபவரின் கைகள் பழகிய பழக்கமே கதையின் உச்சத்தைச் சொல்லிவிடுகிறது. வேறெந்தக் கலை வடிவத்துக்கும் இந்தக் காட்சியை மாற்ற முடியாது.

கட்டுப்பாட்டைப் பறிப்பதும் சில நேரம் இதே வலிமையைத் தரும். பயோஷாக்கில் தான் சுயமாகச் செயல்பட்டதாக நினைத்த நாயகன், குறிப்பிட்ட ஒரு சொற்றொடரால் அடிமையாக இயக்கப்பட்டவன் என்று தெரியவரும் இடத்தில், கன்ட்ரோலர் செயலிழக்கிறது. ஆடுபவர் விரும்பாத கொலையை அவர் கண்முன்னே அவருடைய நாயகனே செய்கிறான். அங்கே கட்சீன் என்பது கதையின் பொருளே. அதே கருவி, காரணத்தோடு வந்ததால் யாரும் நேரத்தைக் கணக்குப் பார்க்கவில்லை.

## பணம் எதைத் தீர்மானிக்கிறது?

அமெரிக்க வணிக ஆணையத்துக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் இடையிலான வழக்கில் 2023இல் வெளியான ஆவணங்கள், தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தின் செலவு சுமார் 22 கோடி டாலர் என்று காட்டின. நடிப்பு, நடிகரின் அசைவுகளைப் பதிவுசெய்யும் மோஷன் கேப்சர், முக அனிமேஷன், ஒளியமைப்பு ஆகியவற்றுக்கு இந்தத் தரத்தில் பெருந்தொகை தேவை.

இதன் விளைவு பலருக்குத் தெரிவதில்லை. கேம்ப்ளே என்பது உருவாக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும். சோதித்து, சலிப்பான பகுதியை வெட்டி, புதியதைச் சேர்த்துத்தான் அது நன்றாகிறது. கட்சீனோ, நடிகர்கள் நடித்துப் பதிவானதும் இறுகிவிடுகிறது. ஒரு பகுதியை ஆடிப் பார்த்துச் சரியில்லை என்று தெரிந்தாலும், அதன் இரு பக்கமும் முடிந்துபோன கட்சீன்கள் நிற்பதால் தொட முடியாமல் போகும். கேமும் கதையும் வெவ்வேறு குழுக்களில் வளர்ந்து கடைசியில் ஒட்டவைக்கப்படும்போது மேலே சொன்ன பிசகுகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

## ஒரு கேமை எடைபோடும்போது

1. கதையின் மிக முக்கியமான செயல் எது? அதைச் செய்தது ஆடுபவரா, கட்சீனா?
2. கட்சீன் கட்டுப்பாட்டை வாங்கியதற்குக் கதையில் காரணம் இருக்கிறதா?
3. கேமில் கற்ற திறனைக் கதை எங்காவது பயன்படுத்துகிறதா?
4. கட்சீனை இடையில் நிறுத்திவைக்கவும் தாண்டிச் செல்லவும் முடிகிறதா? விரைந்து பட்டன் அழுத்த இயலாதவர்களுக்கு மாற்று வழி உண்டா? 2016இல் வந்த அன்சார்ட்டட் 4, திரும்பத் திரும்ப அழுத்துவதற்குப் பதில் அழுத்திப் பிடித்தால் போதும் என்ற வசதியைத் தந்தது. இது எல்லாக் கேம்களிலும் இருக்க வேண்டியது.

## தொலைக்காட்சிக்குப் போன கதை

இந்த வழக்குக்கு நல்ல சோதனை ஒன்று 2023இல் தானாகவே அமைந்தது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் தொலைக்காட்சித் தொடராக வந்தது. கேமின் கட்சீன்களில் பல, கிட்டத்தட்ட அதே வசனங்களோடு திரைக்குப் போயின. எல்லியின் அந்த "ஓகே"யும் போனது, எதையும் இழக்காமல்.

மருத்துவமனைப் பகுதி அப்படிப் போகவில்லை. எல்லியைக் காப்பாற்ற ஜோயல் வழியில் நிற்பவர்களைக் கொன்றுகொண்டே போகும் இடம் அது. தொடரில் ஓசைகள் அடங்கி, இசை மேலெழுந்து, சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கேமில் ஒவ்வொரு தாழ்வாரத்தையும் ஆடுபவரே கடக்க வேண்டும். கடைசியில் அறுவைச் சிகிச்சை அறை. சிறு கத்தியை ஏந்தி மருத்துவர் குறுக்கே நிற்கிறார். அவரை வீழ்த்தாமல் கதை நகராது. அது தவறு என்று நினைத்து அங்கே தயங்கி நின்றவர்கள் பலர். கடைசியில் அவர்களும் பட்டனை அழுத்தினார்கள். தொடரைப் பார்த்தவர் ஜோயல் செய்தது சரியா என்று விவாதிக்கலாம். கேமை ஆடியவர், தான் செய்தது சரியா என்றும் சேர்த்தே விவாதிக்க வேண்டியிருக்கிறது.